வந்தி பங்குக்கு மண் போடுவது யார்?

புராணக் கதையெல்லாம் அப்படியே நடந்ததுன்னு நம்பணுமா, இல்ல அது எல்லாமே உருவகம், உள்ளுக்குள்ள வேற அர்த்தம் இருக்குன்னு எடுத்துக்கணுமா? இந்தச் சண்டை டவுன் பக்கம் அதிகம். லீவுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைகள் கோயில் மண்டபத்துல உக்காந்து மணிக்கணக்கா பேசுறதைக் கேட்டிருக்கிறேன். ஒருத்தன் எல்லாம் நிஜம் என்பான். இன்னொருத்தன் எல்லாம் கட்டுக்கதை என்பான். மூணாவது ஒருத்தன் ரெண்டு பேரையும் சமாதானப்படுத்துற மாதிரி, "கதையை அப்படியே எடுக்கக்கூடாதுப்பா, அது தத்துவம்" என்பான். மூணு பேருமே நல்லாப் படிச்சவங்க. நான் பத்தாவதோட நிறுத்தினவன். ஆனாலும் இதுல எனக்கு ஒரு கருத்து உண்டு. எல்லாக் கதைக்கும் சேர்த்துப் பொதுவாச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கதையை வைத்துச் சொல்கிறேன்.

பிட்டுக்கு மண் சுமந்த கதை. திருவிளையாடல் புராணத்துல இருக்கிற அறுபத்து நாலு கதைகள்ல இது 61-வது. பரஞ்சோதி முனிவர் புராணமாப் பாடுறதுக்கு முன்னாடியே, மாணிக்கவாசகர் திருவாசகத்துலயே சிவன் மண் சுமந்து அடி வாங்கினது வந்துவிடுகிறது. அப்படின்னா கதைக்கு எப்படியும் ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசு. வைகைத் தண்ணியில பிழைக்கிற எங்களுக்கு இது பக்கத்து ஊர்ல நடந்த விஷயம் மாதிரிதான்.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. வைகையில பெரிய வெள்ளம். மதுரைக்குள்ள தண்ணி வரப் பாக்குது. அரிமர்த்தன பாண்டியன், வீட்டுக்கு இவ்வளவு நீளம்னு கரையைப் பங்கு பிரிச்சு, அவங்கவங்க பங்கை அவங்கவங்க அடைக்கணும்னு உத்தரவு போட்டான். வந்தின்னு ஒரு கிழவி. பிட்டு அவிச்சு வித்துப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை. ஊரே கரையில நிக்குது, எங்கேயும் ஆள் கிடைக்கவில்லை. அப்போ ஒரு வாலிபன் தோள்ல மண்வெட்டியும் கூடையுமா வந்து, கூலியாப் பிட்டு குடுத்தாப் போதும்னு கேட்டான். உதிர்ந்த பிட்டு எல்லாம் எனக்கு, உதிராத பிட்டு உனக்குன்னு ஒப்பந்தம். அன்னைக்கு அவிச்சது அத்தனையும் உதிர்ந்து போச்சுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. வயிறு முட்டத் தின்னுட்டுப் போனவன் ரெண்டு கூடை மண்ணைப் போட்டான், பாடினான், ஆடினான், கூடையை ஆத்துல விட்டுட்டு நீந்திப் போய் எடுத்தான், கடைசியாத் தூங்கிப் போனான். எல்லார் பங்கும் அடைபட்டுது, வந்தி பங்கு மட்டும் வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்குது. ராஜா பாக்க வந்தான். பிரம்பால முதுகுல ஒரு அடி. அந்த அடி அடிச்ச ராஜா முதுகுலயும் விழுந்தது, ராணி முதுகுலயும் விழுந்தது, ஊர்ல உள்ள அத்தனை உயிர் மேலயும் விழுந்தது. அடி பட்டவன் ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டி உடைப்பை அடைச்சுட்டு மறைஞ்சுட்டான்.

இப்போ நிஜம் கட்சிக்காரங்களைப் பாருங்க. அரிமர்த்தன பாண்டியன் எந்தப் பாண்டியன், எந்த நூற்றாண்டுங்கிறதுல அறிஞர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. இவங்களுக்கு அதுவே பெரிய மனக்கஷ்டம். கீழடி எங்களுக்குப் பக்கம்தான். அங்க உறைகிணறு, செங்கல் கட்டடம், எழுத்துக் கீறின பானை ஓடு எல்லாம் கிடைச்சதும் ஒருத்தர் என்கிட்ட, "பாத்தீங்களா, புராணம் எல்லாம் நிஜம்னு நிரூபிச்சாச்சு" என்றார். கீழடிப் பானை ஓட்டுக்கும் வந்தி பிட்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு விளங்கவில்லை. தோண்டி எடுத்த பானை அதனளவுலயே பெரிய விஷயம். அதைக் கொண்டுவந்து புராணத்துக்குச் சாட்சி சொல்ல வச்சா, பானைக்கும் மரியாதை இல்லை, புராணத்துக்கும் மரியாதை இல்லை.

கட்டுக்கதை என்கிறவங்க கேட்கிற கேள்வியும் எனக்குத் தெரியும். எங்க ஊர்ல கருப்புச் சட்டை போட்ட வாத்தியார் ஒருத்தர் இருந்தார். "உலகத்தையே படைச்சவனுக்கு ஒரு கவளம் பிட்டு வேணுமாடா?" என்று கேட்பார். நல்ல கேள்விதான். ஆனா அவரே இன்னொண்ணும் கேட்பார்: "வேலை செய்யாதவனை அடிக்கிற உரிமையை ராஜாவுக்கு யாருடா குடுத்தது?" அந்த ரெண்டாவது கேள்விக்காகவே நான் அவரை மறக்கவில்லை. பக்தியாக் கதை சொன்ன யாரும் அதைக் கேட்டதில்லை. கதையே அந்தக் கேள்வியைக் கேட்குதுன்னு எனக்குப் பின்னாடிதான் புரிந்தது.

இனி உருவகக் கட்சி. இவங்ககிட்டதான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. வெள்ளம்னா பிறவிப் பெருங்கடல். கரை உடைப்புன்னா மனசு அலையறது. மண்ணுன்னா மலம். பிட்டுன்னா பக்குவப்பட்ட ஆன்மா. பிரம்புன்னா கர்மவினை. கேக்க அழகா இருக்கும். ஆனா கேட்டு முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா கதையில மண்ணே இருக்காது. ஆறு இருக்காது. ஆள் இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு எழுதி வச்ச கணக்கு இருக்காது. கிழவிகூட இருக்க மாட்டாள். "கிழவின்னா ஜீவாத்மா" ஆயிடுவாள். இப்படி அர்த்தம் சொல்றவங்க பெரும்பாலும் மண்வெட்டி பிடிக்காதவங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தப்பா இருந்தாப் பொறுத்துக்கங்க.

உருவகமே கூடாதுன்னு நான் சொல்ல வரல. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பாணியும் கிடையாது. சிவன் முப்புரம் எரிச்ச கதையைத் திருமூலரே அப்படித்தான் எடுத்துக்கிறார். மூணு ஊரை எரிச்சான்னு சொல்றவங்க மூடர்கள், முப்புரம்னா மூணு மலங்களோட வேலைன்னு திருமந்திரத்துலயே சொல்லிவிட்டார். முப்புரத்துக்கு அது பொருந்துகிறது. வானத்துல பறக்கிற மூணு கோட்டையை நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. ஆணவம், கன்மம், மாயைன்னு சொன்னா அந்தக் கதைக்கு இன்னும் கொஞ்சம் உயிர்தான் வருகிறது. மண் சுமந்த கதைக்கு அதே சாவியைப் போட்டா உள்ள இருக்கிறது போய்விடுகிறது. ஏன்னா அதுல வர்றது கோட்டை இல்ல, கூடை. கூடையில அள்ளின மண்ணோட கனம் எனக்குத் தெரியும். சும்மாடு நனைஞ்சு கழுத்து வழியாச் சேறு இறங்குறது எனக்குத் தெரியும்.

நிஜமா பொய்யான்னு சண்டை போடுறதுல என்ன தொலைஞ்சு போகும்கிறதுக்கு எங்க கடற்கரைப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. சேது சமுத்திரத் திட்டம். 2005 ஜூலையில மதுரையிலதான் பிரதமர் மன்மோகன் சிங் வந்து தொடங்கி வைத்தார். அப்புறம் அது ராமர் பாலமா, வெறும் மணல் திட்டான்னு ஆகிப் போனது. 2007-ல உச்ச நீதிமன்றத்துல தொல்லியல் துறை தாக்கல் செய்த மனுவில ராமாயணப் பாத்திரங்கள் இருந்ததுக்கு வரலாற்று ஆதாரம் இல்லைன்னு எழுதப்போய், நாடே கொந்தளித்து, சில நாள்லயே அதை வாபஸ் வாங்கினார்கள். ராமர் இருந்தாரா இல்லையான்னு தேசமே பேசிச்சு. அந்தக் கடல்ல வலை வீசுறவங்க, "ஆழப்படுத்தினா எங்க மீன்பாடு என்ன ஆகும்?"னு கேட்டது எத்தனை பேர் காதுல விழுந்தது? பக்கத்துல மன்னார் வளைகுடாவுல பவளப்பாறைகள் இருக்கிறது. 1986-லயே கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்ச இடம். அந்தப் பேச்சு சட்டத்துக்கு வேண்டிய அளவுக்குத்தான் வந்தது. பக்தியும் பகுத்தறிவும் மேடை போட்டுக் கத்தின சத்தத்துல மீன்காரன் கேள்வி அமுங்கிப் போச்சு. திட்டம் நல்லதா கெட்டதாங்கிறது வேற பேச்சு, அதுக்குள்ள நான் போகவில்லை.

மண் சுமந்த கதைக்கே வருகிறேன். அதுல சொல்லியிருக்கிறதை அப்படியே படிச்சா என்ன தெரிகிறது? ஆறு, குளம், கண்மாய்க் கரை எல்லாம் வீட்டுக்கு வீடு பங்கு பிரிச்சுப் பாத்துக்கிட்ட ஒரு காலம் இருந்தது தெரிகிறது. குடிமராமத்துன்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்குல இருந்த ஓட்டையும் தெரிகிறது. பத்து ஆம்பளை இருக்கிற வீட்டுக்கும் ஒரு பங்கு, ஒத்தைக் கிழவி வீட்டுக்கும் அதே ஒரு பங்கு. கூலி காசா இல்லாம தின்கிற பொருளா இருந்தது தெரிகிறது. மேற்பார்வை பாக்கிறவன் கையில பிரம்பு இருந்தது தெரிகிறது. இவ்வளவும் நடந்ததா என்றால், ஒரு குறிப்பிட்ட வருஷம் ஒரு குறிப்பிட்ட கிழவிக்கு நடந்ததான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. வருஷா வருஷம் எத்தனையோ வந்திகளுக்கு நடந்திருக்கும். அது இல்லாம இப்படி ஒரு கதை வந்திருக்க முடியாது.

பழைய காலம் பொற்காலம், குடிமராமத்து இருந்தவரைக்கும் ஊர் செழிப்பா இருந்ததுன்னு எழுதுறவங்களும் இந்தக் கதையை ஒருதரம் நிதானமாப் படிக்கணும். 1858-ல வெள்ளைக்காரன் கரை வேலைக்காக ஒரு சட்டம் போட்டான். அதுக்குப் பேரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையற நேரத்துல கூப்பிட்டா வரணும், மாமூலா செய்யற வேலைக்கு வராட்டியும் பணம் கட்டணும். வராதவனைக் கட்டாயப்படுத்த ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்குன்னா, எல்லாரும் சந்தோஷமாப் பாட்டுப் பாடிக்கிட்டு மண் சுமந்தாங்கன்னு எப்படிச் சொல்றது? பெரிய வீட்டுக்காரங்க பங்குக்கு அவங்களா தூக்கினாங்க? ஆள் அனுப்பினாங்க. அந்த ஆள் யார், எந்தத் தெருக்காரன்னு கிராமத்துல பொறந்த எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படி இருக்கும்போது, சாமி ராஜாவா வராம, குருவா வராம, கூலியாளா வந்து முதுகுல அடி வாங்கினார்னு ஒரு கதையைச் சொல்லி, அடி எல்லார் மேலயும் விழுந்ததுன்னு முடிச்சாங்களே, அது சாதாரணப் பேச்சு இல்லை. பிரம்புன்னா கர்மவினைன்னு சொல்லி அதை ஏன் மெத்தையாக்குறீங்க?

அந்த அடி எல்லார் மேலயும் விழுந்ததை மட்டும் என்ன செய்யறது, அது உருவகம்தானேன்னு கேட்பீங்க. ஆமா, உருவகம்தான். ஆனா எங்களுக்கு அது கண்ணால பார்க்கிற விஷயமாவும் இருக்கிறது. கண்மாய் உடைஞ்சா யார் பங்குல உடைஞ்சதுன்னு தண்ணி கேட்காது. என் பங்கை நான் சிமெண்ட் மாதிரிக் கெட்டிச்சு வச்சிருந்தாலும், பக்கத்துப் பங்குல எலிப்பொந்து இருந்தாப் போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு உடைஞ்சா விடியறதுக்குள்ள எல்லார் வயல்லயும் மணல். கண்மாயும் காலி, அந்த வருஷ வெள்ளாமையும் காலி. ஒருத்தன் முதுகுல விழுந்தது ஊர் முதுகுல விழுறது அதுதான். மண்ணை மண்ணா வச்சுக்கிட்டே இந்த அர்த்தமும் வருகிறது பாருங்க. மண்ணைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் அர்த்தம் தேடணும்னு கட்டாயம் இல்லை.

போன வருஷம் எங்க கண்மாய்ல நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நடுமடைக்குப் பக்கத்துல கரையில கசிவு கண்டிருந்தது. மழைக்கு முன்னால மண் அணைக்கணும். பெரிய கண்மாயா இருந்தா, நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு உள்ளது நீர்வளத் துறைக் கணக்கு. எங்களது சின்னது, யூனியன் கணக்கு. எழுதிப் போட்டா வரும், எப்போ வரும்னு தெரியாது. அதனால ஊர்க் கூட்டம் போட்டு, ஏக்கருக்கு ஒரு ஆள் வரணும், வர முடியாதவங்க அறுநூறு ரூபாய் கட்டணும்னு பேசி முடித்தோம்.

கடைசித் தெருவுல ஒரு அம்மா. நாப்பது சென்ட் நிலம், ரெண்டு ஆடு. புருஷன் இல்லை. மகன் திருப்பூர் பக்கம் போனவன் திரும்பிப் பாக்கல. அவங்க பேரு வாசிச்சப்போ ஒரு பையன் நியாயமாத்தான் கேட்டான்: "ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கல்ல, என்ன பண்றது?" அதுக்கு எங்க பெரியவர் ஒருத்தர், எழுபத்தஞ்சு வயசு இருக்கும், வெத்தலையைத் துப்பிட்டு, "அது வந்தி பங்கு, அப்படியே எழுதிக்க" என்றார்.

பையன் விடவில்லை. "என்ன தாத்தா, சிவபெருமான் வந்து மண்ணு போடுவாரா?"

"அவரு வந்து போட்டாலும் ரெண்டு கூடை போட்டுட்டுத் தூங்கிருவாருடா. நாமதான் போடணும்."

கூட்டமே சிரித்தது. ஆனா நோட்டுல அப்படித்தான் எழுதினார்கள். அந்த நாப்பது சென்ட் பங்கு எல்லார் தலையிலயும் ஆளுக்கு ஏழெட்டுக் கூடையா வந்தது. அந்தப் பெரியவர்கிட்ட போய், ஐயா, நீங்க அந்தக் கதையை நிஜம்னு எடுத்துக்கிறீங்களா, உருவகம்னு எடுத்துக்கிறீங்களான்னு கேட்டா அவர் என்னை மேலும் கீழும் பாப்பார். சாமி கும்பிடுறவர்தான். ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் போவார். சிவன் வந்தது அவருக்கு நிஜம். அந்த அம்மா பங்கு வந்தி பங்குன்னு சொன்னது உருவகம். ரெண்டையும் ஒரே வாயால ஒரே நேரத்துல சொல்றதுல அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

சாமி கதையை வேலைக்கு வராம இருக்கிறதுக்குப் பிடிச்சுக்கிறவனும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மண் போடுற அன்னைக்கு வேப்ப மரத்தடியில கூடையைத் தலைக்கு வச்சுத் தூங்குறதுக்கு வருஷா வருஷம் ஒருத்தன் கிடைப்பான். அந்த ஒரு விஷயத்துல மட்டும் புராணத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவர்கள் அவர்கள்.

என்னைக் கேட்டா, சிவன் வந்தார்னுதான் சொல்வேன். ஆனா அதை உங்களுக்கு நிரூபிக்க மாட்டேன், நிரூபிக்கவும் முடியாது, அதுக்காக உங்ககூடச் சண்டைக்கும் வர மாட்டேன். நீங்க நம்பாட்டி எனக்கு ஒண்ணும் குறையல. ஆனா அதுல வர்ற கரையையும் பங்கையும் கூலியையும் பிரம்பையும் நீங்க நம்பணும். சாமியை நம்பாதவங்களுக்கும் அது பொது. சாமியை மட்டும் நம்பிட்டு இதையெல்லாம் விட்டுடுறவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு வருத்தம். தமிழ்நாட்டுல ஏரி, குளம், கண்மாய்னு சுமார் 39,000 இருக்குன்னு கணக்குச் சொல்றாங்க. 2017-ல அரசாங்கம் குடிமராமத்துங்கிற அதே பேர்ல திட்டம் கொண்டுவந்தது. நல்லா நடந்த ஊரும் உண்டு, ஜேசிபி வந்து மேலாக வழிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டுப் போன ஊரும் உண்டு. வழிச்ச இடத்துல ஊர்க்காரன் ஒருத்தன்கூட இறங்கலைன்னா அடுத்த வருஷம் கசிவு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ஆவணி மூலத்துக்கு மதுரையில பிட்டுத் திருவிழா நடக்கும். மீனாட்சியும் சொக்கநாதரும் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவார்கள். திருப்பரங்குன்றத்துல இருந்து முருகனும், திருவாதவூர்ல இருந்து மாணிக்கவாசகரும் வருவார்கள். மண் சுமந்த லீலை அங்க நடக்கும், சாமிக்குத் தங்கத்துல மண்வெட்டியும் கூடையும். தங்க மண்வெட்டி களிமண்ணுல இறங்காது, இருந்தாலும் பாக்க எனக்குப் பிடிக்கும். ஆவணி மூலத்துக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவுல எண்ணிப் பாத்தா ஒன்றரை மாசம், கூடப் போனா ரெண்டு மாசம். கரை வேலைக்குச் சரியான நாள். திருவிழாவை அந்த நேரத்துல வச்சதுக்குச் சாஸ்திரத்துல வேற காரணம் இருக்கலாம், எனக்கு இந்தக் காரணம் போதும்.

போறவங்க தரிசனம் முடிச்சு பிட்டும் வாங்கித் தின்னுட்டு, அப்படியே நடந்து ஆத்துப் பக்கம் போய்ப் பாருங்க. கரையை ஒட்டி ரோடு, சுவர், உள்ளுக்குள்ள ஊர்ச் சாக்கடை. ராஜா உத்தரவு போட்டுக் கரையைப் பிரிச்சா உங்க வீட்டுப் பங்கு எந்த இடம், எத்தனை அடின்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க தெருவுல யார் வீடு வந்தி வீடுன்னும் பாருங்க.

எங்க கரையில நடுமடைக்கு மேற்கே இன்னும் முப்பது அடி பாக்கி கிடக்குது. புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை மண் போடுறதாப் பேச்சு.